குசினிக்கு எட்டுகிற மரியாதை

பாரிஸில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனதும், அப்பா அம்மாவை ஒரு பெரிய பிரெஞ்சு உணவகத்துக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிறார்கள். இப்போது அவர்கள் அதிகம் விசாரிப்பது ஜப்பானிய செஃப்மார் நடத்தும், அல்லது ஜப்பானியச் சாயல் உள்ள, புதுப் பாணிப் பிரெஞ்சு உணவகங்களைப் பற்றி. ஆசை பெரிது, பயம் அதைவிடப் பெரிது. எந்த முள்ளுக்கரண்டியை முதலில் எடுப்பது, எப்படி உடுப்பது, ஆட்கள் பார்த்துச் சிரிப்பார்களா என்பதே பேச்சு.

நான் இந்த நகரத்துக் குசினிகளில் கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, அடுப்படிக்கு வந்தவன். ஓய்வுக்குப் பிறகு மேசைப் பக்கத்திலும் இருந்து பார்த்தவன். நீங்கள் எந்த முள்ளுக்கரண்டி எடுத்தீர்கள் என்பது குசினிக்குத் தெரியவே தெரியாது. எத்தனை மணிக்கு வந்தீர்கள், எதை முன்கூட்டிச் சொன்னீர்கள், கோப்பை எப்படித் திரும்பி வந்தது, இந்த மூன்றும்தான் உள்ளே தெரியும். அந்தப் பக்கத்தில் நின்று சொல்லும் அறிவுரைகள் இவை.

1. எந்த மாதிரிச் சமையல் என்று விளங்கிக்கொண்டு போங்கள்.

ஜப்பானியச் சாயல் என்றதும் ஒரு கோப்பையில் சுஷியும் மறு கோப்பையில் ஸ்டேக்கும் வரும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். சாப்பாட்டின் ஒழுங்கு முழுக்கப் பிரெஞ்சு: வாய்க்கு ஒரு கடி, குளிர்ந்த பதார்த்தம், மீன், இறைச்சி, சீஸ், இனிப்பு. எலும்புச் சாறும் வைனும் வற்ற வற்றக் காய்ச்சி வெண்ணெயில் முடிக்கிற சோஸ்தான் அதன் முதுகெலும்பு. ஜப்பான் வருவது வேறு வழிகளால்: மீனைக் கொல்லும் முறை, கத்தி பிடிக்கும் கை, கொம்பு என்ற கடற்பாசி, யூசு என்ற எலுமிச்சை இனம், மீசோ என்ற நொதித்த சோயா விழுது, அதிகம் புகையாத பின்சோத்தான் கரி, மண்கோப்பையின் நிறம் வரைக்கும் பருவம் பார்க்கும் பழக்கம்.

இந்த உறவு நேற்று முளைத்ததல்ல. ஒசாகாவில் 1960இல் சமையற் கல்லூரி தொடங்கிய ஷிசுவோ த்சுஜி, போல் போக்கூஸ் போன்ற பெரிய செஃப்மாரை ஜப்பானுக்கு அழைத்தார். போனவர்கள் கற்பித்தார்கள், கண்டதைக் கொண்டும் வந்தார்கள். 1973இல் கோ, மில்லோ என்ற இரண்டு விமர்சகர்கள் 'நுவெல் குசின்' என்று கொண்டாடிய பாணியில், மாப் போட்டுத் தடிக்கவைத்த சோஸ் போய், வேகும் நேரம் குறைந்து, பொருளின் சொந்த ருசி முன்னுக்கு வந்தது. 2003இல் பிரெஞ்சு செஃப் ஜோயல் ரொபுஷோன் தோக்கியோவிலும் பாரிஸிலும் திறந்த 'அத்தலியே'யில், சுஷிக் கடையில் போலக் குசினியைப் பார்த்தபடி நீண்ட மேடையில் ஆட்களை இருத்தினார்.

மறுபக்கம், ஜப்பானிய இளைஞர்கள் பிரான்ஸ் வந்து குசினிகளில் அடியிலிருந்து தொழில் பழகினார்கள். அவர்களில் ஒருவர் கேய் கொபயாஷி. நகானோக்காரர், தகப்பனும் சமையற்காரர். பாரிஸின் பிளாசா அத்தெனே ஹோட்டலில் அலன் துக்காஸ் என்ற பெரிய செஃபின் குசினியில் வேலை செய்துவிட்டு, 2011இல் பாரிஸ் முதலாம் வட்டாரத்தில் 'கேய்' என்ற உணவகத்தைத் தொடங்கினார். 2020இல் மிஷ்லன் உணவக வழிகாட்டியின் மூன்று நட்சத்திரம் பெற்றார். பிரான்ஸில் அந்த இடத்தை எட்டிய முதல் ஜப்பானியர் அவர்தான். இவ்வளவு தெரிந்தால் போதும்.

2. முதல் முறை மதியத்தில் போங்கள்.

அதே குசினி, அதே கைகள், அதே சோஸ். விலை மட்டும் குறைவு. ஒரு நட்சத்திர உணவகத்தில் மதிய மெனு நூறு யூரோவுக்குள் அமைவதுண்டு. மூன்று நட்சத்திரத்தில் இரவு மெனு பல நூறு யூரோ. நட்சத்திரத்தின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். மிஷ்லன் 1926இல் நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. அது கோப்பையில் இருப்பதற்கு மட்டும் கொடுப்பது; தொங்குவிளக்குக்கும் திரைச்சீலைக்கும் கொடுப்பதல்ல. ஒரு நட்சத்திரம் உள்ள பல இடங்கள் இருபது பேர் இருக்கும் சின்ன அறைகள். வயதான பெற்றோருக்கும் மதியம்தான் நல்லது. நீண்ட மெனு என்றால் மூன்று மணி நேரம் ஓடும். இரவு பத்து மணிக்குப் பிறகு இறைச்சியும் சீஸும் அவர்களுக்குச் செமிக்காது.

3. உண்ணாததை மேசை பதியும்போதே சொல்லுங்கள்.

எல்லா அறிவுரையிலும் இதுதான் பெரிது. இப்படியான குசினியில் மேசைகளின் கணக்குப் பார்த்துத்தான் காலையில் மீனைத் துண்டு போடுவார்கள். பத்துப் பேருக்கு மேலதிகமாகப் பொருள் கிடக்காது. இரண்டு நாளுக்கு முன் சொன்னால் மாட்டிறைச்சிக்குப் பதிலாகத் தாராவோ புறாவோ ஒழுங்காகத் திட்டமிட்டுத் தருவார்கள். கதிரையில் இருந்தபின் சொன்னால், கையில் அகப்பட்ட மரக்கறியை அழகாக அடுக்கித் தருவார்கள். காசு இரண்டுக்கும் ஒன்று.

எங்கள் ஆட்கள் "மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது போதாது. பிரெஞ்சுச் சோஸ்களில் பாதி கன்றின் எலும்பை மணிக்கணக்காகக் காய்ச்சிய சாற்றில் தொடங்குகிறது. மீன் கோப்பையின் ஓரத்தில் பளபளக்கும் கடுங்கபிலச் சொட்டும் அதுவாக இருக்கலாம். அசையும் இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். அது பன்றியிலோ மாட்டிலோ எடுப்பது. சோஸில் வைன், ஜப்பானியப் பக்கத்தில் சாக்கே, மிரின் என்ற அரிசி மதுக்கள். ஆகையால் "மாட்டிறைச்சியும் வேண்டாம், கன்றுச் சாறும் வேண்டாம், ஜெலட்டினும் வேண்டாம்" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

சைவக்காரர் இன்னும் கவனம். ஜப்பானியச் சாயல் உள்ள இடத்தில் "மரக்கறிதான்" என்று சொல்லி வரும் சூப்பிலும் தாஷி இருக்கலாம். தாஷி என்பது கொம்புக் கடற்பாசியும் கட்சுவோபுஷியும் சேர்ந்த தெளிசாறு. கட்சுவோபுஷி, சூரை மீனை அவித்துப் புகையூட்டிக் காயவைத்து, சீவல் சீவலாக இழைப்பது. கொம்பையும் காய்ந்த ஷீத்தாக்கே காளானையும் மட்டும் ஊறவைத்து மீனில்லாத தாஷி எடுக்க எந்த ஜப்பானியச் சமையற்காரருக்கும் தெரியும். நீங்கள் முன்கூட்டிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வாமை இருந்தால் ஒளிக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி பதினான்கு ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி உணவகம் தகவல் தரவே வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் சோயா சோஸையும் கணக்கில் எடுங்கள். வழமையான சோயா சோஸில் கோதுமை உண்டு.

4. நேரத்துக்குப் போங்கள், வரமுடியாவிட்டால் சொல்லுங்கள்.

எங்கள் கலியாண வீட்டு நேரம் இங்கே செல்லாது. பன்னிரண்டரைக்கு என்றால் பன்னிரண்டரை. மெத்ரோ நின்றுபோனால் உடனே தொலைபேசி எடுங்கள். இருபது பேர் இருக்கும் அறையில் நான்கு பேர் அரைமணி பிந்தினால், அந்த மேசையின் மீனும் அடுத்த மேசையின் இறைச்சியும் ஒரே நேரத்தில் அடுப்பில் மோதும். மேசை பதியும்போது வங்கி அட்டை எண் கேட்பார்கள். சொல்லாமல் வராவிட்டால் ஒரு தொகையை எடுத்துவிடுவார்கள். எதுவரை இலவசமாக ரத்துச் செய்யலாம் என்பதையும் எழுதியிருப்பார்கள். அதை வாசியுங்கள்.

5. கதவைத் திறந்ததும் "பொன்ஜூர்" சொல்லுங்கள். வாசனைத் தைலத்தை வீட்டில் விடுங்கள்.

பிரான்ஸில் பொன்ஜூர் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு இல்லை. உடுப்பு விசயத்தில் இப்போது பலர் கடுமை காட்டுவதில்லை. சுத்தமான சேர்ட், துடைத்த சப்பாத்து போதும். அம்மா சேலையில் வந்தால் அதைவிட நல்ல உடுப்பு அந்த அறையில் இராது. வாசனைத் தைலம் மட்டும் வேண்டாம். யூசுத் தோலைக் கோப்பையின் மேல் ஒருமுறை உரசிவிட்டு அனுப்பியிருப்பார்கள். உங்கள் தைலம் அதை உங்களுக்கும் பக்கத்து மேசைக்கும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

6. காசு ஓடுகிற ஓட்டைகளை அறிந்து வையுங்கள்.

இருந்த உடனே "ஓர் அப்பெரிதிஃப் எடுக்கிறீர்களா?" என்று ஷாம்பேனைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அது உபசாரம் போலத் தோன்றும்; பில்லில் வரும். "இப்போது வேண்டாம், நன்றி" என்றால் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். போத்தல் தண்ணீர் விலை. சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீரும் பாணும் பிரான்ஸில் இலவசம். "காராஃப் தோ" என்று கேளுங்கள். மூன்று நட்சத்திரத்திலும் கேட்கலாம். வாகியூ, கறுப்புத் துரூஃப், காவியார் ஆகியவற்றின் பக்கத்தில் 'சுப்ளெமொன்' என்று எழுதியிருந்தால் மேலதிகக் காசு. வாயால் மட்டும் சொன்னால், "எவ்வளவு?" என்று வாயாலேயே கேளுங்கள். விலை கேட்பது வெட்கமில்லை. பில்லைப் பார்த்து முகம் வெளிறுவதுதான் வெட்கம்.

வைன் குடிப்பவர்கள் பட்டியலில் தங்களால் முடிந்த ஒரு விலையை விரலால் தொட்டு, "இந்த மாதிரியில் ஒன்று" என்று வைனுக்குப் பொறுப்பான சொமெலியேயிடம் சொல்லலாம். அவருக்கு விளங்கும். முதலில் ஒரு வாய் ஊற்றித் தருவது, உங்களுக்குப் பிடிக்கிறதா என்று கேட்க அல்ல. தக்கை பழுதாகி வைன் கெட்டிருக்கிறதா என்று பார்க்க. மணந்து பாருங்கள், நனைந்த காட்போட் மணம் இல்லையென்றால் தலையசையுங்கள். குடிக்காதவர்கள் தேநீர், பழச்சாறு, நொதித்த பானங்களால் ஆன மதுவில்லாத வரிசை உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் இருக்கிறது.

7. பாணில் வயிற்றை நிரப்பாதீர்கள்.

வெண்ணெயும் பாணும் மிகவும் நன்றாக இருக்கும். அதுதான் ஆபத்து. மெனுவில் ஐந்து பதார்த்தம் என்று எழுதியிருந்தால் மேசைக்கு வருவது ஒன்பதோ பத்தோ: முன்னுக்கு அமூஸ்-பூஷ் என்ற வாய்க்கடி இரண்டு மூன்று, நடுவில் ஒரு சிறு இனிப்பு, கடைசியில் கோப்பியோடு சின்னச் சின்னத் தின்பண்டங்கள். ஆளுக்கு ஆள் வேறு மெனு எடுக்கலாம் என்றும் எண்ணாதீர்கள். நீண்ட மெனுவை முழு மேசையும் எடுத்தால்தான் தருவோம் என்று பல இடங்களில் நிபந்தனை உண்டு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கோப்பை வைக்க வேண்டுமே.

8. கரண்டிகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் புதிதாகக் கொண்டுவந்து வைப்பார்கள். பல வரிசை இருந்தால் வெளியிலிருந்து உள்ளே. கத்தியும் முள்ளும் வைக்காமல் ஒரு கடி வந்தால் கையால் எடுத்துச் சாப்பிடுங்கள்; அதுதான் முறை. ஓரத்தில் சிறு வெட்டு உள்ள தட்டையான கரண்டி வந்தால் அது சோஸுக்கு. கையை மடியில் ஒளிக்காமல் மணிக்கட்டு மேசையில் தெரிய வைத்திருப்பது பிரெஞ்சு வழக்கம். இவ்வளவுதான் சட்டம்.

9. வேகாதது போலத் தெரிவது வெந்ததுதான்.

எங்கள் ஆட்கள் அதிகம் தடுமாறுவது இங்கே. மீனின் நடுப்பகுதி வெள்ளையாகாமல் முத்துச்சிப்பியின் உட்புறம் போல மினுங்கும். புறாவும் தாராவும் உள்ளே இளஞ்சிவப்பாக வரும். வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள்.

மீனில் அதற்கு முன்னாலேயே ஒரு வேலை நடந்திருக்கும். பிடித்த மீனைத் துடிக்கவிடாமல் மூளையில் ஊசி இறக்கி, இரத்தத்தை வடித்து, முதுகெலும்பின் நரம்புக் குழாய்க்குள் மெல்லிய கம்பியை ஓட்டுவார்கள். இதற்கு இக்கேஜிமே என்று பெயர். துடித்துச் செத்த மீனின் தசை விரைவில் விறைத்து விரைவில் தளரும். இப்படிக் கொன்ற மீன் மெதுவாக விறைக்கும். நாட்கணக்கில் குளிரில் வைக்கலாம், வைக்க வைக்க ருசி கூடும். அந்த மீனை முற்றாக வேகவைத்தால் அத்தனையும் வீண்.

இருந்தாலும் அப்பாவுக்கு இளஞ்சிவப்பு இறைச்சி இறங்காது என்று தெரிந்தால், ஓடர் எடுக்கும்போதே "பியான் க்வி", அதாவது நன்றாக வேகவைத்தது, என்று சொல்லிவிடுங்கள். வெட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் ஒரு மேசை முழுக்கக் காத்திருக்கும். கர்ப்பிணிகள் பச்சை மீனும் வேகாத இறைச்சியும் வேண்டாம் என்று மேசை பதியும்போதே சொல்ல வேண்டும்.

10. உறைப்பைத் தேடாதீர்கள், அடிருசியைத் தேடுங்கள்.

முதல் இரண்டு வாயில் "உப்பில்லை, உறைப்பில்லை" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 1908இல் தோக்கியோவில் கிக்குனாயே இக்கேதா என்ற வேதியியலாளர் கொம்புச் சாற்றிலிருந்து குளுட்டமேற்றைப் பிரித்து, அதன் ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். கொம்பில் உள்ள குளுட்டமேற்றும் காய்ந்த மீனில் உள்ள இனோசினேற்றும் சேர்ந்தால், ஒவ்வொன்றும் தனியே தருவதைவிடப் பல மடங்கு ருசி எழும். தாஷியின் கணக்கு அதுதான். மாசிச் சம்பல் தின்று வளர்ந்த நாக்குக்கு இது புதிதே இல்லை: மாசியும் சூரையை அவித்துப் புகையூட்டிக் காயவைத்ததுதான். சம்பலிலிருந்து மிளகாயையும் தேசிக்காயையும் எடுத்துவிட்டு, மாசி அடியில் தரும் ருசியை மட்டும் நினைத்துப் பாருங்கள். அதைத்தான் அந்தத் தெளிசாற்றில் தேட வேண்டும்.

கோப்பையை வைக்கும்போது பரிமாறுபவர் சொல்வதையும் கேளுங்கள். எப்படிச் சாப்பிட வேண்டும் என்பது அதில் இருக்கும். கேய் உணவகத்தின் பேர்போன பதார்த்தம் மரக்கறித் தோட்டம். மேலே வெள்ளை எலுமிச்சை நுரை, அதற்குள் பச்சையும் அவித்ததுமாக முறுமுறுக்கும் பல மரக்கறிகள், அடியில் புகையூட்டிய சால்மன். நுரையைக் கலைக்க மனம் வராது. ஆனால் அது கிளறிக் கலந்து சாப்பிட வேண்டியது. படம் போல இருக்கிறதென்று ஓரத்தில் கிள்ளிக்கொண்டிருந்தால் பாதிதான் கிடைக்கும்.

11. ஒரு படம் எடுங்கள், உடனே சாப்பிடுங்கள்.

குசினியிலிருந்து கோப்பை வெளியேறும் மேடையில் செஃப் நின்று, ஓரத்தைத் துடைத்து, சோஸை அந்த நொடியில் ஊற்றி அனுப்புகிறார். வெண்ணெய் சேர்ந்த சோஸ் ஆறினால் மேலே ஆடை பிடிக்கும், நுரை உட்காரும். ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் போதும். கழிவறைக்குப் போவதையும் ஒரு கோப்பையை எடுத்துப்போன உடனே முடித்துவிடுங்கள். அடுத்தது வரும் நேரத்தில் எழுந்தால், உங்கள் கதிரை வெறுமையாக இருக்கிறதென்று உள்ளே தகவல் போகும். நான்கு பேரின் மீனும் நிறுத்தப்படும், அல்லது புதிதாகச் செய்யப்படும்.

12. தெரியாததைக் கேளுங்கள், பிழையானதைச் சொல்லுங்கள், பிடிக்காததை மறைக்காதீர்கள்.

"இது என்ன?" என்று கேட்டால் பரிமாறுபவருக்குச் சந்தோசம். தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டுவருவார், குசினிக்கும் சந்தோசம். உப்புக் கூடியிருந்தால், மீன் ஆறியிருந்தால், அந்த நேரத்திலேயே பரிமாறுபவர்களின் தலைவரான மெத்ர் தோத்தெலிடம் மெதுவாகச் சொல்லுங்கள், திருத்தித் தருவார்கள். அங்கே சிரித்துத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கைபேசியில் திட்டி எழுதுவது கோழை வேலை. பாதி தின்ற கோப்பை திரும்பினால் குசினியில் யாராவது ஒருவர் அதைப் பார்த்து "ஏன்?" என்று கேட்பார். "வயிறு நிறைந்துவிட்டது" என்றோ "ஈரல் எனக்குப் பிடிக்காது" என்றோ ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் அவருக்குக் குழப்பம் இல்லை. விலை கூடியது என்பதற்காக எல்லாமே பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

13. பில்லைப் பார்த்துக் கட்டுங்கள்.

பிரான்ஸில் பரிமாறும் கட்டணமும் வரியும் மெனு விலைக்குள்ளேயே இருக்கின்றன. 'செர்வீஸ் கொம்ப்ரி' என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் இருந்து வரும் மாமா சொல்வதுபோல் இருபது வீதம் மேலே வைக்கத் தேவையில்லை. மனம் நிறைந்தால் உங்களால் முடிந்ததை வையுங்கள். பில்லை வரிவரியாக வாசிப்பதும் தப்பில்லை. போகும்போது குசினிக்கு ஒரு நன்றி சொல்லியனுப்புங்கள். நகரத்தின் எத்தனையோ குசினிகளில் போல அங்கேயும் கோப்பை கழுவும் இடத்தில் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் நிற்கக்கூடும். நன்றி அவனுக்கும் சேர வேண்டியதுதான்.

14. இரண்டாம் முறை போவதென்றால் அதே இடத்துக்கு, வேறு பருவத்தில் போங்கள்.

ஊர் முழுக்க உணவகம் மாற்றி மாற்றிப் போவதைவிட இதில்தான் சமையல் விளங்கும். வசந்தத்தில் வெள்ளை அஸ்பாரகஸும் பச்சைப் பட்டாணியும் மொறில் காளானும். இலையுதிர் காலத்தில் செப் காளானும் காட்டுப் பறவையும். ஒக்ரோபரிலிருந்து மே நடுப்பகுதி வரை பிரெஞ்சுக் கடலின் சேன்-ஜாக் சிப்பி, குளிர்காலத்தில் கறுப்புத் துரூஃப். பிரெஞ்சுக்காரரும் ஜப்பானியரும் ஒரே மேசையில் ஒத்துப்போவதற்கு முதல் காரணம் இந்தப் பருவப் பைத்தியம். முதல் முறை போகும்போது பயத்தில் பாதி கவனம் போய்விடும். இரண்டாம் முறை மேசையும் முறையும் பழகியிருக்கும், கோப்பையில் மாறியது மட்டும் கண்ணில் படும். அப்போதுதான் கொடுத்த காசுக்கு முழுச் சாப்பாடு கிடைக்கும். ஆகவே முதல் சாப்பாடு முடிந்து வெளிக்கிடும்போதே, "அடுத்து எந்த மாதத்தில் வரலாம்?" என்று அவர்களிடமே கேட்டுவிட்டு வாருங்கள்.